பழைய பொருள் வியாபாரமும் பக்கத்து வீட்டுப் பாதுகாப்பும்

கொழும்புக் குப்பையை அருவக்காட்டில் கொட்டக்கூடாது என்று 2018இல் புத்தளம் மக்கள் கொழும்பு முகத்திடலில் மாதக்கணக்கில் சத்தியாக்கிரகம் இருந்ததை நாம் மறக்கவில்லை. அவர்களது அச்சம் வீணானதல்ல. 2017 ஏப்ரல் 14இல் மீத்தொட்டமுல்லை குப்பை மேடு சரிந்து 30இற்கும் மேற்பட்ட உயிர்கள் பலியாகின. அருவக்காட்டுக் குப்பைத் திட்ட வளாகத்திலேயே 2019 ஒக்டோபரில் வெடிப்பொன்று ஏற்பட்டது. மீதேன் வாயுவே காரணமாக இருக்கலாம் என்று அப்போது பேசப்பட்டது.

அன்று அரசாங்கத்திடம் பாதுகாப்புக் கேட்டவர்கள் நாம். இன்று பழைய இரும்பு, பிளாஸ்டிக், காட்போட் வாங்கி விற்கும் நமது முதலாளிமாரிடம் பக்கத்து வீட்டார் அதே பாதுகாப்பைக் கேட்டால் என்ன பதில் வைத்திருக்கிறோம்?

தில்லையடியின் நிலைமையை எண்ணிப் பாருங்கள். 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு வந்தவர்கள் குடியேறிய பகுதி இது. வீடுகள் நெருக்கமானவை, ஒழுங்கைகள் குறுகலானவை. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குக் காற்று பலமாக வீசும். இத்தகைய இடத்தில் பழைய பொருள் குவியலில் பற்றும் நெருப்பு ஒரு முதலாளியின் நட்டத்தோடு நின்றுவிடாது.

இந்தியாவின் கொச்சி நகரில் பிரம்மபுரம் கழிவு நிலையத்தில் 2023 மார்ச் 2ஆம் திகதி பற்றிய தீயை அணைக்கப் பத்து நாட்களுக்கும் மேல் சென்றது. நகரமே புகையில் மூழ்கியது, பாடசாலைகள் மூடப்பட்டன. பிளாஸ்டிக் குவியலின் மேற்பரப்பு அணைந்தாலும் அடியில் தீ கனன்றுகொண்டே இருக்கும். குவியலைக் கிளறிக் கிளறித்தான் தண்ணீர் அடிக்க வேண்டும்.

தீ எங்கிருந்து வருகிறது? பழைய கைத்தொலைபேசிகளின் லித்தியம் பற்றரி நசுங்கினாலோ துளைபட்டாலோ தானாகவே தீப்பற்றும். காஸ் கட்டரின் பொறி மட்டைக்குள் விழுந்து சில மணி நேரம் கழித்தும் பற்றலாம். வெறும் பீப்பா என்று நினைத்து வெட்டும் எண்ணெய்ப் பீப்பாவுக்குள் தங்கியிருக்கும் ஆவி வெடிக்கும். செம்புக்காக வயரை எரிப்பதோ தீயோடு நச்சுப் புகையையும் அயலாருக்குக் கொடுக்கும் செயலாகும்.

செய்ய வேண்டியவை பெரிய செலவில்லாதவை. குவியல்களைச் சிறிதாக்கி இடையில் ஆள் நடமாட வழி விடுங்கள். அயல் வீட்டு மதிலோடு எதையும் அடுக்காதீர்கள். பற்றரிகளை வேறாக்கி, நிழலான உலர்ந்த இடத்தில் வையுங்கள். வெட்டும் வேலையைக் குவியலுக்குத் தூரத்தில் செய்து, முடிந்த பின்னும் ஓராள் காவல் நிற்கட்டும். தண்ணீர்த் தாங்கியும் மணலும் எப்போதும் தயாராக இருக்கட்டும். தண்ணீர் பவுசர் உள்ளே வரக்கூடிய அகலத்தில் படலை இருக்கட்டும்.

காப்புறுதி இருக்கிறதே என்று சிலர் ஆறுதலடையலாம். கடை என்று பதிந்துவிட்டு உள்ளே பழைய பொருள் குவித்திருந்தால் அந்த நட்டஈடு மறுக்கப்படலாம். சுற்றாடல் அனுமதிப்பத்திரம் தேவைப்படும் தொழிலென்றால் அதையும் உரிய காலத்தில் எடுத்துப் புதுப்பித்துக்கொள்வதே புத்திசாலித்தனம்.

ஒருவரால் இயலாததைப் பலர் சேர்ந்து செய்யலாம். வர்த்தக சங்கங்கள் முன்வந்து, குடியிருப்புக்கு வெளியே பொதுக் களஞ்சியத்துக்கு இடம் ஒதுக்குமாறு உள்ளூராட்சி சபையிடம் கேட்க வேண்டும். குப்பையை எதிர்த்துக் குரல் கொடுத்த ஊர், பாதுகாப்பான மீள்சுழற்சியிலும் மற்ற ஊர்களுக்கு முன்மாதிரியாகத் திகழட்டும்.