இல்லிக்குடமும் எம்.எட். படிப்பும்

ஆண்டுத் தேர்வு நெருங்கும் வேளையில் முதுகலைத் தமிழ் மாணவர் சிலர் துறை வாயிலில் வந்து தயங்கி நிற்பர். பி.எட். முடித்துவிட்டு முதுகலைக்கு வந்தோரும், முதுகலைக்குப் பின் பி.எட். சேர எண்ணுவோரும் அவர்களுள் இருப்பர். "ஐயா, எம்.எட். படிக்கலாமா? படித்தால் என்ன கிடைக்கும்?" என்பதே அவர்தம் வினா. முற்பகுதிக்கு விடை கூறுதல் எளிது. பிற்பகுதிக்கும் முன்னர் ஓர் ஆயத்த விடை இருந்தது. இன்று அவ்விடை இல்லை.

ஊக்க ஊதிய உயர்வு என்பதே அவ்விடை. அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் பணியாற்றியோர், தம் பணிக்குரிய கல்வித் தகுதிக்கு மேற்பட்ட பட்டம் ஒன்றைப் பெறின் அதற்கெனத் தனி ஊதிய உயர்வு பெற்றனர். அத்தகைய பட்டங்களுள் எம்.எட்.டும் ஒன்று. 2020ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் தமிழ்நாடு அரசு அம்முறையை நிறுத்திற்று. நண்பர் பலர் வருந்தினர். நானும் அவர்களோடு வருந்தினேன். உழைத்துப் படித்தவனுக்குப் பலன் கிடைக்கவேண்டும் என்பதில் எனக்கு இருவேறு கருத்தில்லை. ஆயினும், பலன் ஒன்றையே குறியாகக் கொண்டு இத்தனை ஆண்டுகள் நாம் எழுதிக் குவித்த ஆய்வேடுகளை எண்ணிப் பார்க்கையில், அந்த வருத்தத்தோடு சிறிது வெட்கமும் சேர்ந்துகொள்கிறது.

எம்.எட். என்பது பி.எட்.டின் நீட்சி அன்று. பி.எட். பள்ளி ஆசிரியரை உருவாக்குகிறது, எம்.எட். அந்த ஆசிரியரை உருவாக்கும் ஆசிரியரை உருவாக்குகிறது. கல்வியியல் கல்லூரியில் தமிழ் கற்பித்தல் முறையைப் பயிற்றுவிக்க ஒருவருக்குத் தமிழில் முதுகலையும் வேண்டும், எம்.எட்.டும் வேண்டும். கணக்கிட்டுப் பாருங்கள். அவரிடம் ஆண்டுக்கு 20 தமிழாசிரிய மாணவர் பயில்கின்றனர் எனக் கொண்டால், 25 ஆண்டுகளில் 500 தமிழாசிரியர்கள் பள்ளிகளுக்குச் செல்வர். ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 100 பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னால் 50,000 பிள்ளைகள். எம்.எட். வகுப்பில் ஒருவர் விட்ட பிழை எத்துணைத் தொலைவு நடந்து செல்லும் என்பதற்கு இஃது ஓர் எளிய கணக்கு.

அந்த எம்.எட்.டில் மாணவர் தாமே சிந்தித்துச் செய்யவேண்டிய பெரும்பணி ஆய்வேடுதான். மெய்யியல், உளவியல், சமூகவியல் முதலிய தாள்களைப் படித்தோ மனப்பாடம் செய்தோ தேறிவிடலாம். ஆய்வேட்டை அவ்வாறு செய்ய இயலாது என்றுதான் அதனைப் பாடத்திட்டத்தில் வைத்தனர். நாமோ அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தோம்.

ஐந்து இயல்கள். மேல்நிலை மாணவரின் யாதேனும் ஒரு மனப்பான்மை. அதனுடன் அவர்களின் கல்வி அடைவு. 300 பேரிடம் வினாநிரல். ஆண், பெண், நகரம், சிற்றூர், தமிழ்வழி, ஆங்கிலவழி, அரசுப் பள்ளி, தனியார் பள்ளி. வேறுபாடு எதுவும் இல்லை என்று ஓர் இன்மைக் கருதுகோள். டி மதிப்பு 1.96ஐத் தாண்டினால் அது தள்ளப்படும், தாண்டாவிடின் தள்ளப்படாது. மாவட்டத்தின் பெயரை மாற்றினால் மறு ஆண்டுக்கு வேறோர் ஆய்வேடு ஆயத்தம். இதனையும் தாமே செய்யாமல், தட்டச்சு நிலையத்தில் பணம் கொடுத்து முடித்துக்கொண்டோர் உண்டு என்பதைக் கல்வியியல் உலகில் உள்ளோர் அறிவர். அறிந்தும் வாய்விட்டுப் பேசுவதில்லை.

பிறரைக் குறைகூறும் தகுதி எனக்கு இல்லை. என் ஆய்வேடும் அவ்வச்சில் வார்த்ததே. அதனை நானே எழுதினேன் என்பது ஒன்றுதான் ஆறுதல். ஒரு பள்ளியில் வினாநிரலைக் கொடுத்துவிட்டு நின்றிருந்தேன். பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் எழுந்து, "சார், இதில் எது சரியான விடை?" என்றான். "சரி, தவறு என்று எதுவும் இல்லை தம்பி, உனக்குத் தோன்றுவதைக் குறி" என்றேன். அவன் அமர்ந்தான்; சற்றுநேரம் தாளைப் பார்த்தான்; பின்னர் அருகிலிருந்தவன் தாளைப் பார்த்து அவன் குறித்தவாறே குறித்தான். பத்தாண்டுப் பள்ளிப் படிப்பில் தனக்குத் தோன்றுவதைச் சொல்லுமாறு அவனை எவரும் கேட்டதில்லை போலும். அன்று நான் ஆராய்ந்திருக்கவேண்டியது அவ்வொன்றைத்தான். நானோ அவன் தாளையும் 300இல் ஒன்றாகச் சேர்த்துச் சராசரி கண்டேன். அந்த 300 பேருள் இன்று என் நினைவில் நிற்பவன் அவன் ஒருவனே. அவனோ என் ஆய்வேட்டின் எந்தப் பக்கத்திலும் இல்லை.

தமிழ் கற்றவர்க்குக் கல்வியியல் புதிய துறை அன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தியார் இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரம் எதைப் பற்றியது? நூல் எத்தகையது, கற்பிப்பவன் எத்தகையவன், கற்பிக்கும் முறை யாது, கற்பவன் யார், கற்கும் முறை யாது என்னும் ஐந்தைப் பற்றியதே. எம்.எட். பாடத்திட்டத்தைப் பிரித்துப் பார்த்தால் இவ்வைந்தும் வேறு பெயர்களில் அங்கே இருக்கக் காணலாம். புளூமின் 1956ஆம் ஆண்டு வகைப்பாட்டை ஒப்பிக்கும் நம் மாணவர் நன்னூலாரையும் உடன்வைத்து எண்ணுவதில்லை. அதனினும் வேண்டுவது, நன்னூலாரிடம் ஒரு கேள்வி கேட்பது.

மாணாக்கரை அவர் மூவகையாகப் பிரிக்கிறார். அன்னமும் பசுவும் போன்றோர் தலைமாணாக்கர். மண்ணும் கிளியும் போன்றோர் இடைநிலையினர். இல்லிக்குடமும் ஆடும் எருமையும் நெய்யரியும் போன்றோர் கடைமாணாக்கர். இல்லி என்பது துளை. எவ்வளவு ஊற்றினாலும் ஒழுகிப்போகும் ஓட்டைக் குடம். இந்நூற்பாவை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் மாணவர் சிரிப்பர், ஒருவரையொருவர் சுட்டிக்காட்டுவர். குடம் ஒழுகுகிறது என்பதோடு இலக்கணம் நின்றுவிடுகிறது. துளை எங்கே இருக்கிறது, அதை இட்டவர் யார், அடைக்க இயலுமா என்னும் கேள்விகள் அதற்கு மேல் இருக்கின்றன. எம்.எட். என்னும் படிப்புக்கு ஒரு நியாயம் உண்டென்றால் அஃது இக்கேள்விகளில்தான் உள்ளது என்பது என் கருத்து.

நம் கண்முன் இருக்கும் ஒரு துளையைக் காட்டுகிறேன். வாணியம்பாடி, ஆம்பூர் பகுதிகளில் வீட்டில் உருது பேசும் பிள்ளைகள் பல்லாயிரவர். 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழித் தமிழ் கட்டாயப் பாடமாயிற்று. முதல் வகுப்பில் தொடங்கிப் படிப்படியாக ஏறி 2015-16இல் பத்தாம் வகுப்பை எட்டிற்று. மொழிச் சிறுபான்மையினர்க்கு விலக்கு வேண்டும் என வழக்குகள் நடந்தன, விலக்கும் கிடைத்தது. விலக்கு வேண்டுமா வேண்டாவா என்பதில் பெரியோர் பலர் பேசினர். அப்பிள்ளைக்குத் தமிழ் ஏன் கடினமாக இருக்கிறது என்பதைக் குறித்து நாம் பேசியது குறைவு.

உருதுவில் ப ஒலிக்கு ஓர் எழுத்தும், அதன் மென்மையான இணைக்கு வேறோர் எழுத்தும் உண்டு. தமிழில் 'பம்பரம்' என்னும் ஒரே சொல்லில் பகரம் இரண்டுமுறை வருகிறது. இரண்டு ஒலிகளைத் தருகிறது. மகரத்தை அடுத்து வரும் பகரம் மெலிந்து ஒலிக்கும் என்பதைத் தமிழ்ப் பிள்ளை கேட்டே அறிந்திருக்கும். உருதுப் பிள்ளைக்கு அதனை ஒருவர் சொல்லவேண்டும். லகர ளகர ழகரங்களுள் பின்னிரண்டும் அதன் வீட்டு மொழியில் இல்லாதவை. ணகரத்தின் நிலையும் அதுவே. எழுத்தோ வலமிருந்து இடம் செல்லும் பழக்கம் உடையது. தமிழில் 'கே' என்பதைப் பாருங்கள்: ககரத்துக்குப் பின் ஒலிக்கும் உயிரின் குறி ககரத்துக்கு முன்னே நிற்கிறது. இவற்றுள் எது பிள்ளையை உண்மையில் தடுக்கிறது, எது தானே சரியாகிவிடுகிறது என்று ஒரு வகுப்பறையில் ஆறு திங்கள் அமர்ந்து, 20 பிள்ளைகளின் ஏடுகளை நாள்தோறும் பார்த்து எழுதப்பெறும் எம்.எட். ஆய்வேடு ஒன்று, 300 வினாநிரல்களினும் மேலானது. அதற்குத் தமிழும் உருதுவும் அறிந்த ஒருவர் வேண்டும். நம் கல்லூரிகளில் அத்தகையோர்க்குப் பஞ்சமா என்ன?

வகுப்பறையைக் கூர்ந்து நோக்கும் கண் எத்தகைய ஆற்றல் உடையது என்பதற்கு நம் மண்ணிலேயே சான்றுண்டு. 1789இல் சென்னையில் படைவீரரின் ஆதரவற்ற ஆண்பிள்ளைகளுக்கான இல்லத்தின் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டார். அதனைத் தம் இல்லத்தில் புகுத்த முனைந்தார். ஆசிரியர்கள் ஒத்துழைக்கவில்லை, ஆகவே மாணவர்களைக் கொண்டே மாணவர்களுக்குக் கற்பிக்கச் செய்தார். திண்ணைப் பள்ளியின் சட்டாம்பிள்ளையை அறிந்த நமக்கு இதில் வியப்பில்லை. 1797இல் அவர் அதனை நூலாக எழுதி இலண்டனில் வெளியிட, அது 'மெட்ராஸ் முறை' என்னும் பெயரோடு இங்கிலாந்தின் பள்ளிகளில் பரவிற்று. ஸ்காட்லாந்தின் செயிண்ட் ஆண்ட்ரூஸ் நகரில் அவர் விட்டுச்சென்ற பொருளால் 1833இல் திறக்கப்பெற்ற பள்ளிக்கு இன்றும் மெட்ராஸ் கல்லூரி என்றே பெயர். கல்வி வரலாற்றுத் தாளில் நம் மாணவர் பெல்லைப் பற்றி ஐந்து மதிப்பெண் விடை எழுதுகின்றனர். அந்த மணல் எந்தத் தெருவின் மணல் என்று கேட்பதில்லை.

படிப்பின் காலம் பற்றியும் ஒரு சொல். நெடுங்காலம் ஓராண்டாக இருந்த எம்.எட்., தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014ஆம் ஆண்டு விதிமுறைகளால் ஈராண்டாயிற்று. மீண்டும் ஓராண்டாக்கும் வரைவு 2025இல் வெளிவந்தது. ஓராண்டா ஈராண்டா என்பதில் எனக்குப் பெரிய ஆர்வமில்லை. பள்ளிக்குள் கால்வைக்காமல் கழியும் ஈராண்டைக் காட்டிலும் பள்ளியிலேயே கழியும் ஓராண்டு நன்று. கோத்தாரி குழு 1966இலேயே ஆசிரியர் கல்வி பள்ளிகளிடமிருந்து விலகித் தனித்து நிற்பதைச் சுட்டிக்காட்டிற்று. அக்குறை இன்னும் தீர்ந்தபாடில்லை.

இம்மலரைப் படிக்கும் சமுதாயப் பெரியோர்களிடத்தும் ஒரு வேண்டுகோள் உண்டு. வாணியம்பாடியில் 1919இலும், சென்னையிலும் திருச்சியிலும் 1951இலும் கல்லூரிகளை எழுப்பியோரின் வழியில் வந்தவர்கள் நீங்கள். கல்விக்குக் கொடுப்பதில் குறைவைத்ததில்லை. முதல் மதிப்பெண் பெறுவோர்க்குத் தங்கப்பதக்கம் வழங்குகிறீர்கள், நன்று. அதனோடு, ஆய்வுக்காக ஆறு திங்கள் நாள்தோறும் ஒரு பள்ளிக்குச் சென்றுவரும் எம்.எட். மாணவருக்குப் பேருந்துக் கட்டணமும் மதிய உணவும் கொடுத்துப் பாருங்கள். உங்கள் மேலாண்மையில் உள்ள பள்ளிகளின் கதவை அவருக்குத் திறந்துவிடுங்கள். அவர் எழுதுவது உங்கள் பள்ளிக்கு எப்போதும் புகழ் சேர்ப்பதாக இராது; பிள்ளைகள் எங்கே தடுமாறுகின்றனர் என்றுதான் எழுதுவார். அதனைப் பொறுத்துக்கொள்வதும் கொடையே. ஆசிரிய நண்பர்களுக்குச் சொல்வது இது: தமிழில் எழுத இடமுள்ள இடத்தில் மாணவர் தமிழில் எழுதட்டும். ஆங்கிலத்தில் கடன் வாங்கிய தொடர்களைக் காட்டிலும், தமிழில் தாமே கண்டதை எழுதும் பத்துப் பக்கம் பள்ளி ஆசிரியருக்குப் பயன்படும்.

அண்மையில் நம் துறையின் முன்னாள் மாணவி ஒருவர் வந்திருந்தார். பி.எட். முடித்தவர்; எம்.எட். சேரப்போவதாகச் சொன்னார். வழக்கமான கேள்வியை எதிர்பார்த்திருந்தேன். அவரோ தம் பாட்டியாரைப் பற்றிப் பேசத் தொடங்கினார். கடற்கரையூரைச் சேர்ந்த அம்மூதாட்டி பள்ளிக்குச் சென்றவரல்லர். தமிழ் எழுத்து அறியாதவர். ஆனால் அரபுத் தமிழ் நூல்களைச் சரளமாக வாசிப்பவர். அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்குப் புள்ளிகள் கூட்டி எழுத்துகள் அமைத்து, தமிழை அரபு எழுத்தில் எழுதிய அம்மரபு காயல்பட்டினம், கீழக்கரை, இலங்கை என எங்கும் வழங்கிற்று. பள்ளி எட்டாத பெண்களுக்கு அஃது எழுத்தறிவைத் தந்தது. "அவருக்கு அதை யார், எந்த வயதில், எந்த முறையில் கற்றுக்கொடுத்தார்கள் என்று இதுவரை நான் கேட்டதேயில்லை ஐயா. வயது எண்பதைத் தாண்டிவிட்டது. அதையே ஆய்வுக்கு எடுக்கலாமா?" என்றார்.

வேறு மூதாட்டியர் சிலரையும் சந்திக்கவேண்டும் என்றும், அதற்கு அவ்வூர்ப் பெரியவர்களுக்கு ஓர் அறிமுகக் கடிதம் வேண்டும் என்றும் கேட்டார். அன்றே எழுதிக் கொடுத்தேன். எம்.எட். சேர்க்கை வரட்டும் என்று காத்திராமல், பாட்டியாரிடம் இவ்வாரமே கேட்கத் தொடங்குமாறும் சொல்லி அனுப்பினேன்.