முகமும் குரலும்

மனிதரின் குரலையும் முகபாவத்தையும் பதிவுசெய்து, இது கோபம், இது துக்கம், இது பயம் என்று பெயரிட்டுத் திரட்டும் தொகுப்புகள் உலகெங்கும் தயாராகி வருகின்றன. அவற்றைக் கொண்டே மனித மனத்தைக் கணிக்கும்படி கணினிகள் பழக்கப்படுகின்றன. இது விஞ்ஞானிகளின் விவகாரம் என்று தமிழ் மக்கள் வாளாவிருப்பது விவேகமாகாது. நம் பிள்ளைகளின் உத்தியோகமும் தொழிலாளரின் கூலியும் நாளை இந்த யந்திரங்களின் தீர்ப்புக்கு உட்படக்கூடும்.

2005-ல் வெளியான பெர்லின் தொகுப்பில் பேசியவர்கள் பத்து ஜெர்மன் நடிகர்கள். 2018-ல் கனடாவிலிருந்து வந்த ராவ்டெஸ் தொகுப்பில் 24 நடிகர்களின் 7,356 பதிவுகள் உள்ளன. மொழியோ வட அமெரிக்க ஆங்கிலம். அவற்றைப் பரிசோதித்து உணர்ச்சியை இன்னதென்று கூறிய 247 பேரும் அப்பிரதேசத்தாரே. முறை நேர்மையானதே. ஆனால் அதனால் கிடைக்கும் அத்தாட்சி அத்தேசத்தாரைப் பற்றியதே யன்றி நம்மைப் பற்றியதன்று.

நம் தேசத்தில் 2009-ல் காரக்பூர் ஐ.ஐ.டி.யார், விஜயவாடா வானொலிக் கலைஞர் பத்துப் பேரைக் கொண்டு 12,000 தெலுங்குப் பதிவுகளைத் தொகுத்தனர். தமிழுக்கு, இலங்கைத் தமிழர் 22 பேரின் 936 பதிவுகளடங்கிய எமோட்டா 2025-ல் வெளியாயிற்று. அச்சகோதரர்களின் முயற்சியை மனமாரப் பாராட்டுகிறோம். எனினும் கோபம், மகிழ்ச்சி, துக்கம், பயம், சமநிலை என்னும் ஐந்தே அதிலுண்டு. தொல்காப்பியர் மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்தார்; அவற்றுள் பெருமிதத்துக்கும் இளிவரலுக்கும் அங்கே இடமில்லை.

பள்ளிபாளையத்துத் தறிக்காரர் தறிச் சத்தத்துக்கு மேலே குரலெடுத்துப் பேசுகிறார், அது கோபமன்று. இரவெல்லாம் வண்டி யோட்டி வந்த நாமக்கல் லாரி டிரைவரின் முகம் வாடியிருக்கிறது; அது அசட்டையன்று. அந்நியரின் முழக்கோலால் இவர்களை அளந்தால் நஷ்டம் யாருக்கு?

சாட்சியின் தோரணையைக் குறித்துக்கொள்ள நம் நீதிபதிகளுக்குச் சட்டம் இடந்தருகிறது. ஆனால் அக்குறிப்பை அப்பீலில் ஆட்சேபிக்கலாம். யந்திரத்தை யார் குறுக்கு விசாரணை செய்வது? ஐரோப்பிய ஒன்றியத்தார், வைத்தியம், பாதுகாப்பு ஆகிய காரணங்கள் நீங்கலாக, தொழிற்சாலையிலும் பள்ளியிலும் யந்திரத்தைக் கொண்டு உணர்ச்சியைக் கணிப்பதை 2025 பிப்ரவரி 2 முதல் தடுத்துவிட்டனர். நமது 2023-ம் வருஷத்துத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சம்மதத்தைப் பற்றிப் பேசுகிறதே யன்றி, இதற்கெனத் தனித் தடை விதிக்கவில்லை.

ஆகவே நமது கோரிக்கைகள் மூன்று. முதலாவது, சேலம் பெரியார் பல்கலைக்கழகம் போன்ற ஸ்தாபனங்கள் தெருக்கூத்துக் கலைஞர்களோடு நெசவாளர், விவசாயிகள், ஸ்திரீகள் யாவரின் குரலையும், அவர்கள் அறிந்து தந்த சம்மதத்தின் பேரிலும் தக்க ஊதியத்தோடும் பதிவு செய்யவேண்டும். இரண்டாவது, அவற்றைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்பவர்களும் இவ்வூர்களைச் சேர்ந்தவர்களாகவே இருக்கவேண்டும். ஒத்த தீர்ப்புகளோடு ஒவ்வாதவற்றையும் பிரசுரிக்கவேண்டும். மூன்றாவது, இப்பரீட்சை தேறினாலும் தேறாவிட்டாலும், ஒருவனுடைய பிழைப்பை அவன் முகக்குறி கொண்டு யந்திரம் நிர்ணயிப்பதைச் சட்டம் தடுக்கவேண்டும்.

சட்டசபையிலும் பார்லிமெண்டிலும் உள்ள நம் பிரதிநிதிகளிடம் இக்கேள்வியை எழுப்புவது ஊழியர்களின் கடமை. நம் குரலுக்குப் பொருள் சொல்லும் உரிமை நம்முடையது. அதைக் கேளாமல் கைவிடலாகாது.