மீண்டும் குதிரையேறும் விவசாயி

போலோ என்றதும் எமது வாசகர்களிற் பலருக்கு நினைவில் எழுவது பிரித்தானிய அரச குடும்பத்தவரின் புகைப்படமாகவே இருக்கும். வெள்ளைக் காற்சட்டை, விலையுயர்ந்த குதிரை, மைதான ஓரத்தில் தொப்பியணிந்த சீமாட்டிகள். இந்நிலையில், இளமையில் போலோ ஆடிய விவசாயி ஒருவர் பண்ணைப் பொறுப்புகளால் அதனைக் கைவிட்டு, ஐம்பது அறுபது வயதில் மீண்டும் ஆடத் தொடங்குகிறார் என்றால் அது வேடிக்கைச் செய்தியாகவே தோன்றும். விவசாயிக்கும் போலோவுக்கும் என்ன தொடர்பு என்பது முதற் கேள்வியாகவும், இந்த வயதில் இது தேவைதானா என்பது அடுத்த கேள்வியாகவும் எழும்.

முதற் கேள்விக்கு வரலாற்றிலே விடை உண்டு. போலோ என்பது ஐரோப்பியச் சொல்லன்று. பல்ட்டி மொழியிலே பந்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. இன்று உலகெங்கும் ஆடப்படும் நவீன போலோ, மணிப்பூரின் 'சகோல் காங்ஜெய்' என்ற ஆட்டத்தைப் பார்த்து ஆங்கிலேயர் கற்றுக்கொண்டதாகும். அங்கே அணிக்கு ஏழு பேர். அரசரும் ஆடினர், கிராமத்தவரும் ஆடினர். அஸ்ஸாமின் சில்சாரில் 1859ஆம் ஆண்டு இராணுவ அதிகாரி ஜோசப் ஷெரரும் தேயிலைத் தோட்டக்காரரும் சேர்ந்து கழகம் அமைத்த பின்னரே இந்த ஆட்டம் கல்கத்தாவுக்கும், அங்கிருந்து இங்கிலாந்துக்கும் சென்றது. சீமான்களின் கைக்குப் போனது பிற்காலத்துக் கதை.

ஆங்கிலேயர் கொண்டு சென்ற எல்லா இடங்களிலும் அது மாளிகைகளுக்குள் அடங்கிவிடவுமில்லை. அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்திலுள்ள கோல்பேர்ண் பகுதி, ஆடு மாடு வளர்ப்போரின் நாடு. அங்கே பண்ணைத் தொழில் செய்த அஷ்டன் சகோதரர் நால்வர் ஒரே அணியாக ஆடினர். 1930இல் தமது குதிரைகளைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு இங்கிலாந்து சென்று, அங்குள்ள பெரும் அணிகளுக்கு ஈடுகொடுத்தனர். 1937இல் மீண்டும் சென்ற கோல்பேர்ண் அணி, சகோதரர் மூவருடன் பொப் ஸ்கீனையும் சேர்த்துக்கொண்டு ஹேர்லிங்ஹாம் சாம்பியன் கிண்ணத்தை வென்றது. வாரநாட்களில் மந்தைகளை ஓட்டும் குதிரையும் சவாரித்திறனும் இருந்த இடத்தில், ஞாயிற்றுக்கிழமை போலோ ஆடுவது அந்நாட்களில் ஆடம்பரமாகத் தோன்றவில்லை.

இனி வயது பற்றிய கேள்வி. வேறு பல ஆட்டங்களைவிட முதியவருக்குப் போலோவில் இடம் அதிகம். ஒவ்வோர் ஆட்டக்காரரும் கழித்தல் இரண்டு முதல் பத்து வரையான 'கோல்' அளவில் தரப்படுத்தப்படுகிறார். அணியினரின் தரங்கள் கூட்டப்பட்டு, தரம் குறைந்த அணிக்கு ஆட்டம் தொடங்கும்போதே வித்தியாசத்துக்கேற்ப கோல்கள் வழங்கப்படும். ஆகவே இருபது வயது இளைஞரும் அறுபது வயதுப் பண்ணைக்காரரும் ஒரே களத்தில் நியாயமாக மோத முடிகிறது. ஓடுவது குதிரை. 'சக்கர்' எனப்படும் ஏறத்தாழ ஏழு நிமிடப் பகுதி முடிந்ததும் குதிரையை மாற்றிக்கொள்ளலாம். பந்து செல்லும் கோட்டை முன்கூட்டியே கணித்து, அதன்மேல் உரிமையுள்ளவருக்கு வழிவிடுவதே இவ்வாட்டத்தின் அடிப்படை விதி. அந்தக் கணிப்பு அனுபவத்தால் வளர்வது. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்பார்கள். ஐந்தில் வளைந்த ஒன்றை ஐம்பதில் மீண்டும் வளைத்துப் பார்ப்பவரை அந்தப் பழமொழியால் தடுக்க முடியாது.

இதனால் ஆபத்தில்லை என்று கூறவரவில்லை. வேகமாகச் செல்லும் குதிரையிலிருந்து விழுந்தால் இளைஞரின் எலும்பே முறியும். முதியவரின் எலும்பு கூடுவதற்கு மாதங்கள் செல்லும். குடும்பத்தவரின் அச்சம் நியாயமானது. அதற்குப் பரிகாரம் நல்ல தலைக்கவசம், அமைதியான குதிரை, மருத்துவரின் ஆலோசனை, முதற்பருவத்தில் மெதுவான ஆட்டம் என்பவையே. வாழ்நாள் முழுவதும் மழையையும் வங்கிக் கடனையும் கணக்கிட்டு வாழ்ந்த விவசாயிக்கு அபாயத்தை எடைபோடத் தெரியாதென்று நாம் கருதவேண்டியதில்லை. ஓய்வூதியமும் ஓய்வுநாளும் இல்லாத தொழில் அவருடையது. வேளாண்மை தனிமையான தொழிலுங்கூட. வாரத்தில் ஒருநாள் மற்றைய மூவருடன் அணி சேர்ந்து நிற்பது அவருக்கு உடற்பயிற்சி மட்டுமன்று.

உண்மையான தடை வேறிடத்தில் இருக்கிறது. மோட்டார் சைக்கிளும் உழவு இயந்திரமும் வந்தபின் பண்ணையில் குதிரைக்கு வேலை குறைந்துவிட்டது. முன்பு தன் தீனியை உழைத்துத் தேடிய குதிரை, இன்று ஆட்டத்துக்காக மட்டுமே தீனி தின்கிறது. அந்தச் செலவைத் தாங்கக்கூடியவர் எவரோ அவரிடமே ஆட்டமும் போய்ச் சேர்கிறது.

ஆட்டம் பிறந்த மணிப்பூரில் இந்த நெருக்கடி இன்னும் கடுமையானது. அங்குள்ள சிறிய உள்ளூர்க் குதிரைகளின் எண்ணிக்கை 2003ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 1,898 ஆக இருந்தது. 2012இல் 1,101 ஆகக் குறைந்தது. 2013இல் மாநில அரசு அந்த இனத்தை அழிவின் விளிம்பிலுள்ளதாக அறிவித்தது. குதிரைகள் மேய்ந்த சதுப்பு நிலங்களும் புல்வெளிகளும் கட்டடங்களாகியதே முக்கிய காரணம். குதிரை இல்லாத கிராமத்தில், இளமையில் ஆடியவர் திரும்பி வர விரும்பினாலும் எதன்மீது ஏறுவார்?

ஒரு விளையாட்டு யாருக்குச் சொந்தம் என்பதை அறியக் கிண்ணம் வென்றவர்களின் பட்டியல் போதாது. வாழ்க்கைச் சுமையால் அதனை விட்டுச் சென்ற சாதாரண மனிதன் திரும்பி வர வழி இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். போலோ தமக்கும் உரியதென்று நிரூபிக்க விவசாயிகள் எதுவும் செய்யவேண்டியதில்லை. கழகங்கள் சில குதிரைகளைப் பொதுவில் வளர்த்து, குறைந்த கட்டணத்தில் அவர்களுக்கு வழங்கட்டும். அரசுகள் எஞ்சியுள்ள மேய்ச்சல் நிலத்தைக் காக்கட்டும். நரைத்த தலையுடன் களத்துக்கு வரும் அந்த மனிதரைப் பார்த்துச் சிரிப்பதை நாம் நிறுத்திக்கொள்வோம். அதற்கு எவருக்கும் ஒரு சதமும் செலவில்லை.