கூரைக்கும் மூடாக்கு வேண்டும்

வங்கியில் முப்பத்தி நாலு வருஷம் இருந்தேன். அதில் பாதிக்கு மேல் வீட்டுக் கடன்தான். ஒரு மனு மேசைக்கு வந்தால் தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, பிளான், எஸ்டிமேட் எல்லாம் புரட்டுவேன். 'சித்திரை வெயில்ல இந்த வீட்டுக்குள்ள மனுஷன் இருக்க முடியுமா?' என்று ஒரு நாளும் கேட்டதில்லை. எந்தப் படிவத்திலும் அதற்குக் கட்டம் கிடையாது.

ஓய்வு பெற்று விவசாயத்துக்கு வந்த பிறகுதான் அது உறைத்தது. எங்கள் தோட்டத்துக்குக் களையெடுக்க வரும் அக்கா ஒருவர், பழைய ஓட்டு வீட்டை இடித்துவிட்டுக் கடன் வாங்கிக் கான்கிரீட் வீடு கட்டினார். தை மாசம் பால் காய்ச்சினார்கள். சித்திரையில் குடும்பமே வாசலில் கட்டில் போட்டுப் படுத்துக் கிடந்தது. "வீடு நல்லாத்தாங்க சார் இருக்கு. பொழுது எறங்குன பொறவுதான் தளம் அனலா எறக்குது" என்றார். பகலெல்லாம் குடித்த சூட்டைத் தளம் ராத்திரியில்தானே கக்கும்! இப்போது மகன் தவணையில் ஏசி வாங்கியிருக்கிறான். வீட்டுத் தவணை, ஏசி தவணை, கரண்ட் பில் மூன்றும் கூலிப் பணத்தில் போகிறது.

மண் காயக்கூடாது என்று மூடாக்கு போடுகிற நாம், தலைக்கு மேல் இருக்கிற தளத்தை மட்டும் வெயிலில் மொட்டையாக விட்டுவிடுகிறோம்.

இதற்கு விதியே இல்லையா என்றால், இருக்கிறது. குடியிருப்புகளுக்கென்று 'ஈக்கோ நிவாஸ் சம்ஹிதா' என்ற விதித் தொகுப்பை மத்திய அரசு 2018 டிசம்பரில் வெளியிட்டது. வெளியே ஒரு டிகிரி சூடு கூடினால், கூரையின் ஒவ்வொரு சதுர மீட்டர் வழியாகவும் 1.2 வாட்டுக்கு மேல் வெப்பம் உள்ளே வரக்கூடாது என்கிறது அது. வெறும் கான்கிரீட் தளத்துக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன், சுமார் மூன்று மடங்கு வருகிறது. நம்மைப் போன்ற புழுக்கமான பகுதிகளில், திறக்கக்கூடிய ஜன்னலும் வெளிக்கதவும் சேர்ந்து தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்காவது இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. நல்ல விதிதான். ஆனால் அது 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள மனைகளுக்கு, அதாவது பன்னிரண்டு சென்ட்டுக்கு மேல்! அதுவும் மாநிலம் தன் கட்டட விதியில் சேர்த்தால்தான் கட்டாயம்.

2022-இல் எரிசக்தி சேமிப்புச் சட்டத்தைத் திருத்தி வீடுகளையும் கொண்டுவந்தார்கள். அங்கே 100 கிலோவாட் இணைப்பிலிருந்துதான் கணக்கு ஆரம்பிக்கிறது. நம் கிணற்று அஞ்சு ஹெச்பி மோட்டாரே நாலு கிலோவாட்டைத் தாண்டாது. அடுக்குமாடிக்காரர்களுக்கு விதி, அக்காவுக்கு ஏசி தவணை.

'இன்னொரு விதியா? இன்னொரு சான்றிதழா? அதுக்கு வேற யாருக்குக் கொடுக்கணும்?' என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. காகிதம் என்னவாகும் என்பது வங்கிக்காரனுக்குத் தெரியாதா! அதனால் சின்ன வீட்டுக்கு வாட் கணக்கெல்லாம் வேண்டாம். கொத்தனாருக்குப் புரிகிற மாதிரி நாலைந்து கூரை முறைகளை அரசு எழுதிக் கொடுக்கட்டும், அதில் ஏதாவது ஒன்றைச் செய்தால் போதும். 2500 சதுர அடி வரையுள்ள மனைக்கு இப்போது சுயசான்று முறை இருக்கிறது, அந்தப் படிவத்தில் கூரைக்கு ஒரு வரி சேர்க்கலாம். வங்கியும் கட்டுமானம் ஏற ஏறத்தான் கடனை விடுவிக்கிறது, தளம் போட்டதும் ஆள் போய்ப் பார்க்கிறது. அப்போதே மேலே என்ன போடப் போகிறார்கள் என்று கேட்டு, கூரைக்கு ஆகும் கூடுதல் செலவையும் எஸ்டிமேட்டில் ஏற்றுக்கொண்டால் யாருக்கு நஷ்டம்? ஏசிக்குத் தனிக் கடன் கொடுப்பதைவிட இது பத்திரமான கடன்.

அந்த நாலைந்து முறைகளைத் தேடி எங்கேயும் போக வேண்டாம். தளத்துக்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போட்டுத் தட்டோடு பதிப்பது நம் ஊர் வழக்கம். செலவு என்று அதை விட்டுவிட்டுச் சிமென்ட் பூச்சோடு நிறுத்துகிறோம். அது மட்டும் 1.2-ஐ எட்டாது, ஆனால் வெறும் தளத்துக்கு எவ்வளவோ மேல். அதன்மேல் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தால் வெயிலில் பெரும்பங்கு திரும்பிப் போய்விடும். என் தோட்டத்து வீட்டில் இரண்டும் செய்து, மேற்குச் சுவருக்குப் பீர்க்கன் பந்தலும் போட்டிருக்கிறேன். மத்தியானம் உள்ளேதான் தூங்குகிறேன். (பீர்க்கங்காய் சந்தைக்கும் போகிறது, அது வேறு கணக்கு.)

அடுத்த வாரம் அக்கா வீட்டு மொட்டை மாடிக்குச் சுண்ணாம்பு அடிக்கிறோம். பந்தலுக்கு மூங்கில் என் வேலியிலிருந்து. ஏசி தவணைதான் இன்னும் பதினாலு மாசம் பாக்கி இருக்கிறது.