காஞ்சியில் ஓரிரவு தங்குங்கள்

சென்னையிலிருந்து சனிக்கிழமை காலை வேன் பிடித்துக் காஞ்சிபுரம் போகும் குடும்பங்களின் திட்டம் பெரும்பாலும் ஒன்றுதான். காமாட்சி, ஏகாம்பரநாதர், வரதர் என்று மூன்று தரிசனம், நண்பகலில் நடை சாத்தியதும் சாப்பாடு, அப்புறம் காந்தி ரோட்டுப் பட்டுக்கடை, இருட்டுவதற்குள் வீடு. 75 கிலோமீட்டர் தூரத்துக்கு யாராவது ரூம் போட்டுத் தங்குவார்களா என்பது வீட்டுப் பெரியவர்களின் கணக்கு. அந்தக் கணக்கை இந்த வார இறுதியிலேயே மாற்றிக்கொள்ள வேண்டும். ஏனென்றால் ஒரே நாளில் ஓடி முடிக்கும்போது விடுபட்டுப்போவது, பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கக்கூடிய காஞ்சிபுரம்.

கைலாசநாதர் கோயிலையே எடுத்துக்கொள்ளலாம். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்மப் பல்லவன் மணற்கல்லில் எழுப்பிய கோயில் இது. மற்ற கோயில்களின் நெரிசல் இங்கே இருக்காது. புல்வெளி, காற்று, நிழல் எல்லாம் உண்டு. சுற்றுமதிலின் உட்புறம் முழுக்க வரிசையாகச் சிறு சன்னதிகள். அவற்றில் சிலவற்றுக்குள் குனிந்து பார்த்தால் பல்லவர் காலத்து ஓவியத்தின் மிச்சம் தெரியும்: ஒரு முகத்தின் பாதி, ஒரு கை, மங்கிய செம்மண் நிறம். கருவறையைச் சுற்றிவர இடுக்கு வழி ஒன்று இருக்கிறது. குனிந்து, தவழ்ந்து, உடம்பை ஒடுக்கித்தான் போய்வர வேண்டும். பெரியவர்கள் தயங்குகிற அந்த இடத்தில் பிள்ளைகள் இரண்டாம் சுற்றுக்குத் தயாராக நிற்பார்கள்.

அங்கேயே உட்கார்ந்து அவர்களுக்குச் சொல்ல ஒரு கதையும் உண்டு. மாமல்லன் நரசிம்மவர்மன் வாதாபியைப் பிடித்து ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்து, சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன் படையோடு வந்து காஞ்சியைக் கைப்பற்றினான். பழிதீர்க்க வந்தவன் இந்தக் கோயிலின் செல்வத்தைக் கொள்ளையடிக்கவில்லை. இறைவனுக்கே திருப்பிக் கொடுத்தான். அதைப் பதிவுசெய்த கன்னடக் கல்வெட்டு இன்றும் இங்கே தூணில் இருக்கிறது. பாடப்புத்தகத்தில் இரண்டு வரியில் கடந்துபோகும் பல்லவர் சாளுக்கியர் பகை, அந்தத் தூணைத் தொடும் தூரத்தில் நிற்கும் பிள்ளைக்கு வேறு விதமாகப் புரியும்.

வைகுந்தப் பெருமாள் கோயில் இன்னும் ஒருபடி மேல். அதன் திருச்சுற்றுச் சுவரில் பல்லவர் வரலாறே சிற்ப வரிசையாக ஓடுகிறது. அரசனில்லாமல் தவித்த காஞ்சியிலிருந்து பெரியவர்கள் இரணியவர்மனிடம் போய், அவன் பிள்ளைகளில் ஒருவரை அரசனாக அனுப்பும்படி கேட்கிறார்கள். அண்ணன்மார் மறுத்துவிட, 12 வயதுப் பல்லவமல்லன் நான் போகிறேன் என்கிறான். அவன்தான் இரண்டாம் நந்திவர்மன்; இந்தக் கோயிலைக் கட்டியவன். ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு இதைவிட நெருக்கமான வரலாறு ஏது? ஒவ்வொரு காட்சிக்கும் பக்கத்தில் எளிய தமிழில் நான்கு வரி விளக்கம் எழுதிவைப்பது தொல்லியல் துறைக்குப் பெரிய செலவாகாது. அதைக் கட்டாயம் செய்ய வேண்டும்.

இனி சாப்பாடு. ஓட்டல்களில் டம்ளரில் வேகவைத்துத் தரும் காஞ்சிபுரம் இட்லியைச் சாப்பிட்டுவிட்டு இவ்வளவுதானா என்று திரும்புகிறவர்கள் உண்டு. வரதராஜப் பெருமாள் கோயிலின் குடலை இட்லி வேறு. அரிசியும் உளுந்தும் கொரகொரவென்று அரைத்துப் புளித்த மாவில் மிளகு, சீரகம், சுக்கு, நெய் சேர்த்து, மந்தாரை இலை விரித்த நீளமான மூங்கில் குடலையில் ஊற்றி, மணிக்கணக்கில் ஆவியில் வேகவிடுகிறார்கள். பெருமாளுக்குக் காலையில் அமுது செய்த பிறகு பிரசாதமாகத் துண்டு போட்டுக் கொடுப்பார்கள். பஞ்சுபோல இருக்குமென்று எதிர்பார்க்கக் கூடாது. கெட்டியாக, லேசான பழுப்பு நிறத்தில், ஓரத்தில் இலை வாசனையோடு இருக்கும். மிளகும் சுக்கும் தொண்டையில் இறங்கும்போதுதான் உறைக்கும். சட்னி தேவையே இல்லை. இதை நிதானமாகச் சாப்பிட, முதல் நாள் இரவே ஊரில் இருப்பதுதான் வசதி.

பட்டு எடுக்க வேண்டாமென்று யாரும் சொல்லவில்லை. கடைக்குப் போகும் முன் தறியைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்பதுதான் வேண்டுகோள். பிள்ளையார்பாளையம் போன்ற நெசவாளர் தெருக்களில், அனுமதி கேட்டுக்கொண்டு, ஒரு வீட்டுத் திண்ணையில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் போதும். உடலுக்கு ஒரு நாடா, கரைக்கு வேறு நாடா என்று வீசி, இரண்டு நிறமும் சேருமிடத்தில் இழைகளைப் பூட்டுவது கோர்வை. முந்தி தொடங்குமிடத்தில் பழைய பாவின் ஒவ்வோர் இழையோடும் புதிய பாவின் இழையை முறுக்கிச் சேர்ப்பது பிட்னி. இந்த வேலையைக் கண்ணால் பார்த்தவர்கள் சேலையைப் பிரித்ததும் முதலில் அதன் பின்பக்கத்தைத்தான் திருப்பிப் பார்ப்பார்கள். ஒரு காலத்தில் கரைநாடா வீசப் பள்ளிக்கூட வயதுப் பிள்ளைகளைத் தறியில் உட்காரவைத்த கொடுமையும் இந்த ஊரில் நடந்தது. அதையும் பிள்ளைகளுக்கு மறைக்காமல் சொல்ல வேண்டும்.

காஞ்சிபுரம் பட்டுக்கு 2005இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் வார இறுதியில் வந்திறங்கும் கூட்டத்தின் பணம் பெரிய கடைகளோடு நின்றுவிட்டால், தறியில் இருக்கும் குடும்பத்துக்கு அதில் என்ன போய்ச் சேரும்? நெசவாளர் கூட்டுறவு சங்கங்கள் சனி, ஞாயிறுகளில் நண்பகலில் தறி பார்க்க ஏற்பாடு செய்யலாம். அதற்கு ஒரு கட்டணம் வைத்து நெசவாளரிடமே கொடுக்கலாம். கோயில்களெல்லாம் நடை சாத்தியிருக்கும் அந்த நேரத்தில், வெயிலில் எங்கே போவதென்று தெரியாமல் வேனுக்குள் உட்கார்ந்திருக்கும் குடும்பங்கள் நிச்சயம் வரும்.