இரு நிற வண்ணத்துப் பூச்சி

டாட்டிங் பின்னல் பழகும் சகோதரிகள் பலர், வளையம் இறுகவில்லை என்று சலித்து வேலையை மூலையில் போட்டுவிடுகின்றனர். முடிச்சு நூல் மாறாமையே அதற்குக் காரணம். ஷட்டில் நூல் நேராக ஓட, இடக்கை விரல்களைச் சுற்றிய நூலே அதன்மேல் முடிச்சாக விழவேண்டும். இடக்கை நூலைத் தளர்த்தி, ஷட்டில் நூலைச் சுண்டி இழுத்தால் முடிச்சு மாறிவிடும். மாறியதா இல்லையா என்பதை இரு நிற வேலை காட்டிக் கொடுக்கும்.

ஷட்டிலில் மஞ்சள் நூலைச் சுற்றிக் கொள்க. அடி ஒன்றுகூடும்படி பெரிது, சிறிது, சிறிது, பெரிது என நான்கு வளையங்கள் போடுக. பெரியதற்கு 20 இரட்டை முடிச்சு, சிறியதற்கு 16. ஒவ்வொன்றிலும் சம தூரத்தில் மூன்று கண்ணிகள். அடுத்தடுத்த வளையங்களைக் கண்ணியில் இணைக்க. முதலும் கடைசியும் சேராத இடமே தலை.

வேலையைத் திருப்பி, தலையருகே கறுப்பு நூலுருண்டையைச் சேர்த்து, ஆறு ஆறு முடிச்சாக வளைவு போட்டு, ஷட்டில் நூலால் கண்ணிதோறும் இணைத்துச் சிறகுகளைச் சுற்றி வருக. கறுப்பு வளைவின் நடுவே மஞ்சள் முடிச்சு தெரிந்தால், அது மாறாத முடிச்சு, உடனே பிரித்துவிடுக.

சுற்று முடிகையில் கறுப்பு நூலின் இரு நுனிகளும் தலையில் நிற்கும். அவையே பூச்சியின் மீசை. மஞ்சள் நுனிகளை ஊசியால் மறைத்து, குழந்தையின் சட்டையில் தைத்துவிடலாம்.