எண் பாகத்துக்கு உரியது, தோற்றத்துக்கு அன்று

மத்தியக் கருவி வடிவமைப்பு நிறுவனம் 1968இல் தொடங்கப்பட்ட பாலாநகரும் அதையடுத்த சனத்நகரும் ஹைதராபாத்தின் பழைய தொழிற்பேட்டைகள். அங்குள்ள சிறு பட்டறைகளில் கடைசல் இயந்திரத்தின் முன் நிற்பவர் கையில் பெரும்பாலும் இருப்பது அச்சிட்ட தாளே. கணினி மாதிரி அன்று. தாள்கள் தம்முள் முரண்பட்டால் சரிபார்க்க அவருக்கு வேறு வழியில்லை.

ஓர் அசெம்பிளியின் முழுத் தோற்றம் முதல் தாளிலும், வெட்டுத் தோற்றம் இரண்டாவதிலும், பிரித்துக்காட்டும் தோற்றம் மூன்றாவதிலும் வருகின்றன. தோற்றத்துக்கொரு பட்டியலை மென்பொருள் தானே உருவாக்கிக்கொள்ள விட்டால், முதல் தாளில் 4 என்றிருந்த புஷ் மூன்றாம் தாளில் 7 ஆகிவிடக்கூடும். அந்த 7ஐக் கண்டவர் முதல் தாளின் பட்டியலில் 7ஆம் பாகத்தைத் தேடி, அதையே கடைந்துவிடுவார். உலோகமும் உழைப்பும் வீண்.

ஒரே பாகத்துக்கு ஒரே எண் என்பது ஐஎஸ்ஓ 6433 தரத்தின் நெறி. தாய்ப்பட்டியல் ஒன்றே இருத்தல் வேண்டும். எல்லாத் தோற்றங்களின் பலூன்களும் அதிலிருந்தே எண் பெற வேண்டும். ஒரு தோற்றத்தில் மறைந்துள்ள பாகத்தின் எண் அங்கே விடுபடலாம், வேறொன்றுக்கு வழங்கப்படலாகாது. கிளை அசெம்பிளிக்குத் தனி எண்வரிசை தேவையெனில், அதற்குத் தனி வரைபட எண்ணும் வேண்டும்.

வரைபடத் தேர்வுகளில் கோட்டின் செம்மைக்கு நிகராகப் பட்டியலின் ஒருமைக்கும் மதிப்பெண் வழங்கப்படட்டும்.